முந்தலில் சாவி கொடுக்கும் கடியாரம்

எங்கள் பகுதியில் ஓர் அறக்கட்டளை மருத்துவமனை இருக்கிறது. அதன் வரவேற்புக் கூடத்தில் ஒரு பளிங்குப் பலகை. நாலாவது வரி இப்படிச் சொல்கிறது: "தொடர் சிகிச்சையில் இருப்பவர்களுக்கு, அவர்களுடைய வேலைக்கு இடையூறு இல்லாத நேரத்தில் பரிசோதனைகள் செய்து தரப்படும்." எழுத்துகளுக்குத் தங்க வண்ணம் அடித்திருக்கிறார்கள். அதற்கு நேர் கீழே டேப் போட்டு ஒட்டிய ஒரு தாள்: "ரத்த மாதிரி எடுக்கும் நேரம் காலை 9 முதல் 11 வரை மட்டும்."

அரசு அலுவலகத்தில் ஆயுசில் பாதியைக் கோப்புகளோடு கழித்துவிட்டுக் கண்காணிப்பாளராக ஓய்வு பெற்றவன் நான். பளிங்கில் வெட்டிய விதிக்கும் டேப்பில் ஒட்டிய தாளுக்கும் தகராறு வந்தால் எது ஜெயிக்கும் என்பது எனக்குத் தெரியும். தாள்தான் ஜெயிக்கும். வாட்ச்மேன் படித்திருப்பது அதைத்தான்.

அந்த இரண்டு மணி நேரத்துக்கும் என் அக்காவுக்கும் ஒத்துவரவே வராது. அக்கா சிலமலையில் இருக்கிறாள். ஏலக்காய் எடுப்புக் காலத்தில் காலை ஆறு மணிக்கு ஊர் முக்கில் வந்து நிற்கும் ஜீப்பில் ஏறிவிடுவாள். போடி தாண்டி, முந்தல் தாண்டி, வளைவு வளைவாக மலையேறி, போடிமெட்டுக்கு அந்தப் பக்கம் ஓர் எஸ்டேட்டில் இறங்கி, செடிக்கடியில் குனிந்து காய் எடுத்துவிட்டு ஊர் திரும்பும்போது இருட்டத் தொடங்கியிருக்கும். ஒன்பதிலிருந்து பதினொன்று வரை அவள் இருப்பது இன்னொரு மாநிலத்தில்.

சில வருஷங்களுக்கு முன்பு மூச்சு வாங்குகிறது என்று அவளை மதுரைக்குக் கூட்டிப்போனோம். சின்ன வயதில் வந்த மூட்டுக் காய்ச்சல் அவளுடைய இதயத்தில் ஒரு வால்வைக் கெடுத்து வைத்திருந்தது. அதை எடுத்துவிட்டு உலோக வால்வு வைத்தார்கள். உலோகத்தின் மேல் ரத்தம் உறைந்து கட்டி பிடிக்கும். பிடித்தால் வால்வு சிக்கி நின்றுவிடலாம்; கட்டி மூளைக்குப் போய்க் கைகால் விழுந்துவிடலாம். அதனால் ரத்தம் சுலபத்தில் உறையாமலிருக்க ஆயுசுக்கும் தினம் மாத்திரை. மாத்திரை கூடினால் ரத்தம் நிற்காது, குறைந்தால் கட்டி பிடிக்கும். நடுவில் சரியான இடம் எது என்று சொல்வதற்கு ஒரு பரிசோதனை உண்டு. ஐ.என்.ஆர். என்பார்கள். அக்காவுக்கு அந்த எண் இரண்டரைக்கும் மூன்றரைக்கும் இடையில் இருக்கவேண்டும். மாதம் ஒருமுறை ரத்தம் கொடுத்தால், எண்ணைப் பார்த்து டாக்டர் மாத்திரையின் அளவைச் சொல்வார். அவர் சொல்லாமல் கூட்டவோ குறைக்கவோ நிறுத்தவோ கூடாது.

டிஸ்சார்ஜ் சீட்டில் ஆங்கிலத்தில் இருந்த இதையெல்லாம் நானே தமிழாக்கி, உட்பிரிவு அ, ஆ, இ என்று போட்டு, அக்கா வீட்டுச் சுவரில் ஒட்டினேன். "மேற்படி மாத்திரையைத் தவறவிடும் நேர்வில்" என்று ஒரு பத்தி ஆரம்பிக்கும்.

அக்கா அதை ஏற இறங்கப் பார்த்தாள். "வீட்டை ஜப்தி பண்ண வந்துருக்காகளான்னு பக்கத்து வீட்ல கேக்குறாக, தம்பி."

அந்த வால்வு மூடும்போது டிக், டிக் என்று மெல்லிய சத்தம் வரும். வீடு அமைதியாக இருந்தால் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவருக்குக் கேட்கும். ஜீப்பு வழியில் எங்காவது என்ஜினை அணைத்து நின்றாலும் கேட்கும். அதனால் ஜீப்பில் அவளுக்குக் கடியாரம் என்று பெயர்.

"கடியாரம், மணி என்னாச்சு?"

"ஒன் மாமியா ஒன்னையத் தேடுற நேரந்தான். பேசாம உக்காருடி."

ஐப்பசி மழையில் மலை முழுக்க அட்டை. காய் எடுக்கும் பெண்கள் உப்பும் புகையிலைத்தூளும் முடிந்த சிறு துணிப்பொட்டலத்தை இடுப்பில் வைத்திருப்பார்கள். எத்தனை வைத்திருந்தாலும் கடிக்கிறது கடிக்கத்தான் செய்யும். அப்படி ஒருநாள் அக்காவின் கணுக்காலில் கடித்தது. எடுப்பு முடிந்து, ஜீப்பு இறங்கி, வீடு வந்து, சோறு பொங்கி, படுத்து எழுந்த பிறகும் கசிந்துகொண்டிருந்தது. எனக்குப் போனில் சேதி வந்தது இரண்டு நாள் கழித்து, வெண்டைக்காய் விலை நிலவரத்துக்கு நடுவில்.

"ஏன் அப்பவே சொல்லல?"

"அட்டை கடிச்சா ரத்தம் வராம பாலா வரும்?"

அவள் சொன்னதிலும் நியாயம் இருந்தது. ரத்தம் உறையாமல் இருக்க ஒரு மருந்தை அட்டை தன் எச்சிலிலேயே வைத்திருக்கிறது. அக்கா அதே சோலிக்கு மாத்திரை போடுகிறாள். அன்றைக்கு ஒரே காலில் இரண்டு பேரும் பணியில் இருந்திருக்கிறார்கள். இருந்தாலும் இது அதிகம் என்று எனக்குப் பட்டது. டாக்டரிடம் போகலாம் என்றேன்.

"எடுப்பு முடியட்டும்."

ரத்தப் பரிசோதனைக்கு வா என்று ஆவணியிலிருந்து கூப்பிட்டுக்கொண்டிருந்தேன். அப்போதிருந்தே இதுதான் பதில். எடுப்பு நடுவில் நின்றால் ஜீப்பில் அந்த இடத்துக்கு வேறொருத்தி ஏறிவிடுவாள். எங்கள் அலுவலகத்தில் விடுப்பில் போனவர்களின் நாற்காலிக்கு நேர்ந்ததையெல்லாம் பார்த்தவன் என்பதால், இந்த ஒரு வாதம் செல்லும் என்று விட்டுவிட்டேன்.

கார்த்திகை பிறந்ததும், அவளுக்கான மாத்திரைகளை மருத்துவமனையில் வாங்கிக்கொண்டு சிலமலைக்குப் போனேன். பழைய மாத்திரைகள் இருந்த டப்பாவைத் திறந்தால், தீர்ந்திருக்க வேண்டியவை அப்படியே இருந்தன.

"அக்கா, இதென்ன? மாத்திரை போடுறதில்லையா?"

"போடாம? ஞாயித்துக்கிழமை போடுறேன்ல."

"மத்த நாளு?"

"மத்த நாளு மலைக்குப் போறேன். மலையில அட்டை இருக்கு. மாத்திரையும் போட்டு அட்டையும் கடிச்சா ரத்தம் எப்படி நிக்கும்? மழை விடட்டும், பழையபடி போட்டுக்கிறேன்."

"இத யாரு சொன்னா ஒனக்கு?"

"யாரு சொல்லணும்? அட்டை என்னைய கடிக்குதா, ஒன்னைய கடிக்குதா?" பிறகு குரலைத் தாழ்த்தி, எனக்கு ஒரு நல்ல சேதி சொல்வதுபோலச் சொன்னாள்: "இப்பல்லாம் கடிச்சா வெரசா நின்னு போகுது, தெரியுமா?"

காலில் ரத்தம் வெரசாக நிற்கிறது என்றால், உள்ளே அந்த உலோகத்தின் மேலும் அதே வேகத்தில் உறையும். அவள் மூன்று வாரமாகப் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தது இதற்காகத்தான். டிக் சத்தம் கேட்கிறதா என்று காதைக் கொடுத்துப் பார்த்தேன். அடுப்பில் குக்கர் இரைந்துகொண்டிருந்தது. ஒன்றும் தெரியவில்லை.

"நாளைக்கு ஆஸ்பத்திரிக்குப் போறோம்."

"நாளைக்கு எப்படி? என் எடம் போயிரும்."

வாசலில் நின்று இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்த பக்கத்து வீட்டுப் பெண் உள்ளே வந்தார். அக்காவோடு அதே ஜீப்பில், தோளோடு தோள் இடித்துக்கொண்டு போகிறவர். "எடம் எங்கயும் போகாது மதினி. ஒங்க தூக்குச்சட்டியக் கொண்டாங்க."

ஜீப்பில் ஒரு வழக்கம் உண்டு என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். யாருடைய தூக்குச்சட்டி இருக்கையில் உட்கார்ந்திருக்கிறதோ இடம் அவருடையது. வழக்கமாக அது டீ குடித்துவிட்டு வருகிற நேரத்துக்குத்தான் செல்லும். அந்தப் பெண் அதை நாள்கணக்கில் நீட்டித்துவிட்டார். மறுநாள் காலை அக்கா என்னோடு பஸ்சில் ஏறினாள். அவளுடைய காலிச் சட்டி மலைக்குப் போனது.

எண் ஒன்று புள்ளி மூன்று என்று வந்தது. டாக்டர் இளம் பெண். அதைப் பார்த்ததும் ஸ்கேன் எடுக்கச் சொன்னார். மாத்திரை மறுபடி வேலை செய்யும்வரை வயிற்றில் ஊசி போடவேண்டும், தங்கவேண்டும் என்றார். ஸ்கேன் அறைக்கு வெளியே உட்கார்ந்திருந்தபோது அந்தச் சுவரில் இருந்த அறிவிப்புகள் அனைத்தையும் படித்தேன். எதுவும் மண்டையில் ஏறவில்லை. அறிவிப்புகளைப் படித்தும் புரியாமல் போனது எனக்கு அதுதான் முதல் தடவை.

"வால்வு நல்லாத் தெறந்து மூடுது. கட்டி ஒண்ணும் இல்ல," என்று வெளியே வந்தார் டாக்டர். "ஆனா இதே மாதிரி இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தா என்ன ஆகியிருக்கும்னு என்னால சொல்ல முடியாது, அம்மா."

"அதான் ஒண்ணும் இல்லேங்கிறீகளே, தாயி. அப்பறம் எதுக்கு மூஞ்சிய அப்படி வச்சிருக்கீக?"

டாக்டர் சிரித்துவிட்டார். ஆனால் அட்டைக் கதையை நான் சொன்னதும் கேள்விகளை அடுக்கினார். மாத்திரை ஒழுங்காகப் போட்டுக்கொண்டிருந்த காலத்திலும் அட்டை கடித்துத்தானே இருக்கும்? அந்த ஒருநாள் மட்டும் ஏன் விடிய விடியக் கசிந்தது? வேறு ஏதாவது மாத்திரை சாப்பிட்டீர்களா? அக்கா இல்லவே இல்லை என்றாள். நாட்டு மருந்து? இல்லை. நான் சாட்சிக்குத் தலையாட்டினேன்.

ஞாயிற்றுக்கிழமை பக்கத்து வீட்டுப் பெண் பார்க்க வந்திருந்தபோது டாக்டர் மறுபடி கேட்டார். மறுபடி அதே இல்லை.

"ஏன் மதினி, ஜீப்புல போடுற வலி மாத்திரை?" என்றார் அந்தப் பெண்.

"அது மாத்திரையாக்கும்? அது ஜீப்பு மாத்திரைல்ல!"

நாள் முழுக்கக் குனிந்து காய் எடுத்தால் இடுப்பு பேசாமல் இருக்காது. அந்த ஐப்பசியில் தொடங்கிய பழக்கம் இது: சாயங்காலம் ஜீப்பு கிளம்பியதும் யாராவது ஒருத்தர் வலி மாத்திரை அட்டையை எடுப்பார். வெற்றிலையைப் பங்கு வைப்பதுபோல ஆளுக்கு ஒன்றாகப் பிரித்துக் கைமாற்றி விடுவார்கள். வேண்டாம் என்றால் என் மாத்திரை உனக்கு ஆகாதா என்று கேட்பார்கள். அதனால் யாரும் வேண்டாம் என்பதில்லை. டாக்டர் எழுதிக் கொடுத்து, மருந்துக்கடையில் வாங்கி, தண்ணீர் ஊற்றி முழுங்குவதுதான் அக்காவின் கணக்கில் மருந்து. சிநேகிதி கையால் வாங்கி வாயில் போட்டுக்கொள்வது உபசாரம்.

"அந்த வலி மாத்திரையும் உங்க மாத்திரையும் சேரவே கூடாது," என்றார் டாக்டர். "காலுல கசிஞ்சா கண்ணுக்குத் தெரியுது. வயித்துக்குள்ள கசிஞ்சா எப்படித் தெரியும்? அட்டை மேல பழியப் போட்டு, போட வேண்டிய மாத்திரைய விட்டுட்டு, விட வேண்டியதப் போட்டுட்டு இருந்திருக்கீங்க."

அக்கா தனக்கு உண்மையில் வேண்டியிருந்த கேள்வியைக் கேட்டாள்.

"இனி நான் மலைக்குப் போகலாமா, கூடாதா?"

கூடாது என்ற பதிலை நான் தயாராக வைத்திருந்தேன். அவள் மகனும் பெங்களூரிலிருந்து போனில் அதையேதான் சொல்லியிருந்தான். ஆனால் பிள்ளையும் ஊரில் இல்லை, புருஷனும் போய்விட்டார் என்று ஆன பிறகு, அந்த ஜீப்புதான் அவளுக்கு வீடு. அது எங்கள் இரண்டு பேருக்குமே தெரியும்.

"போகலாம்," என்றார் டாக்டர். "மாத்திரைய ஒரே நேரத்துல, ஒரு நாளும் விடாமப் போடணும். மறந்துட்டா அன்னிக்கு ராத்திரிக்குள்ள போடுங்க, மறுநாள் ரெண்டாப் போடாதீங்க. இடுப்பு வலிச்சா எங்கிட்ட கேளுங்க. அட்டை கடிச்ச எடத்துல துணிய மடிச்சு அழுத்திப் பிடிங்க, எடுத்து எடுத்துப் பாக்காதீங்க. அப்பறமும் நிக்கலைன்னா நேரா இங்க வந்துருங்க. ரத்தம் மட்டும் இப்போதைக்கு வாரா வாரம் குடுக்கணும்."

"காலைல ஒம்பது மணிக்கு?"

"ஆமா."

"அப்ப மலைக்குப் போகச் சொல்லுங்க, இல்ல ரத்தம் குடுக்கச் சொல்லுங்க. ரெண்டையும் எப்படித் தாயி சொல்றீக?"

டாக்டர் என்னைப் பார்த்தார். நேரம் குறிப்பது தன் கையில் இல்லை என்றார். "நீங்க வேணா நிர்வாகத்துக்கு எழுதுங்க, சார்."

ஓய்வு பெற்ற நாளிலிருந்து யாரும் என்னைப் பார்த்து அப்படி ஒரு வார்த்தை சொன்னதில்லை.

எழுதினேன். பொருள், பார்வை, எல்லாம் முறைப்படி. பார்வையில் பலகையின் நாலாவது வரியைக் குறிப்பிட்டு, பளிங்கையும் தாளையும் ஒரே படத்தில் எடுத்து இணைத்தேன். உள்நோயாளிகளுக்காக ஆய்வகம் எப்படியும் இரவு வரை இயங்குகிறது என்பதை விசாரித்து வைத்திருந்தேன். ஆகவே புதிதாகத் தேவைப்படுவது வாரம் இரண்டு மாலை ஓர் ஊசியும் அதைப் பிடிக்க ஒரு கையும் மட்டுமே; அளவை மறுநாள் போனில் சொல்லிவிடலாம் என்று எழுதினேன். ஜீப்பு முழுக்கக் கையெழுத்து வாங்கி வந்தார் பக்கத்து வீட்டுப் பெண். கையெழுத்துப் போட்டவர்களில் இரண்டு பேர் சர்க்கரைக்கு ரத்தம் பார்க்கவேண்டியவர்கள் என்பது அப்போதுதான் தெரிந்தது. அவர்களும் ஒன்பது மணிக்கு இன்னொரு மாநிலத்தில் இருப்பவர்கள்தான்.

தங்கள் மனு உரிய பிரிவுக்கு அனுப்பப்பட்டுள்ளது என்று ஒரு வரி வந்தது. உரிய பிரிவு என்று ஒன்று எந்த அலுவலகத்திலும் கிடையாது. நினைவூட்டு அனுப்பினேன். நேரிலும் போனேன்.

"ஃபைல் மேல போயிருக்கு, சார்," என்றார் கவுன்டரில் இருந்தவர்.

"மேல மொட்டை மாடிதானப்பா இருக்கு?"

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. டீ சொன்னார். எனக்கு அவரைப் பிடித்துப்போனது. இரண்டாவது நினைவூட்டை அவர் கையிலேயே கொடுத்து, எந்த மேசையில் வைத்தால் தூங்காது என்பதையும் சொல்லிவிட்டு வந்தேன்.

இடையில் மலை தன் வழியைத் தானே பார்த்துக்கொண்டது. ரத்தம் கொடுக்கிற நாளில் அக்கா கீழே இருப்பாள், தூக்குச்சட்டி மேலே போய் வரும். எண் மெல்ல ஏறியது. ஒன்று புள்ளி ஒன்பது, இரண்டு புள்ளி மூன்று, ஒருநாள் இரண்டு புள்ளி எட்டு. அக்கா அதைப் பரீட்சை மார்க்கைப் போல எனக்குப் போனில் சொல்வாள்.

தினமும் சாயங்காலம் ஐந்தரை வாக்கில் ஜீப்பு மலையிறங்கி முந்தலில் டீக்கு நிற்கும். டிரைவர் என்ஜினை அணைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்து, "ஆத்தா, கடியாரத்துக்குச் சாவி!" என்று குரல் கொடுப்பார். அக்கா இடுப்புச் சுருக்குப்பையிலிருந்து மாத்திரையை எடுத்து எல்லோர் முன்னிலும் முழுங்கவேண்டும். முழுங்கினால்தான் மற்றவர்களுக்கு டீ. தமிழில் உட்பிரிவு இ வரை எழுதி நான் சாதிக்காததை இந்த ஏற்பாடு சாதித்தது. இருந்தாலும் ஓட்டையைக் கண்டுபிடிப்பது என் தொழில் அல்லவா? ஞாயிற்றுக்கிழமைக்கு என்ன ஏற்பாடு என்று கேட்டேன்.

"அன்னைக்குச் சூப்பிரண்டு போன் பண்ணட்டும். வேற என்ன சோலி இருக்கு அவருக்கு?" என்றாராம் பக்கத்து வீட்டுப் பெண்.

ஞாயிறு ஐந்தரைக்கு நான் போன் செய்கிறேன். "முந்தல் வந்துருச்சாக்கும்?" என்றுதான் எடுப்பாள்.

வலி மாத்திரை அட்டை இப்போதும் ஜீப்பில் கைமாறுகிறது. அக்காவிடம் வரும்போது தாண்டிப் போகும். பந்தியில் ஒருத்தியை விட்டுவிட்டோமே என்று அவர்களுக்கு உறுத்தல். அதனால் அவளுக்கு மட்டும் கடலை மிட்டாய். அதைப் பார்த்துப் பொறாமைப்பட்டு இரண்டு பேர் மாத்திரையை விட்டு மிட்டாய்க்கு மாறிவிட்டார்கள் என்று கேள்வி. தை பிறந்த பிறகு ஓர் அட்டை கடித்தது. துணியை மடித்து அழுத்திப் பிடித்துக்கொண்டு வரப்பில் உட்கார்ந்திருக்கிறாள். சுற்றி நின்றவர்கள் எடுத்துப் பார்க்க விடவில்லை. நின்றுவிட்டது. அன்றைக்கும் முந்தலில் மாத்திரை போட்டாள்.

கடைசி எடுப்பு நடந்துகொண்டிருந்தபோது, ஒருநாள் மத்தியானம் தபால்காரர் பதில் கொண்டுவந்து கொடுத்தார். செவ்வாய், வியாழன் இரு நாளும் மாலை ஐந்தரை முதல் ஏழு வரை, மலை வேலைக்குப் போகும் தொடர் சிகிச்சை நோயாளிகளுக்கு ரத்த மாதிரி எடுக்கப்படும். இது உடனடியாக நடைமுறைக்கு வருகிறது. இரண்டு முறை படித்தேன். நான் திருத்தவேண்டிய இடம் ஒன்றும் இல்லை. பஸ் பிடித்து முந்தலுக்குப் போய் டீக்கடையில் நின்றேன். ஜீப்பு வந்தது. மாத்திரை முழுங்கியானதும் கடிதத்தை உரக்கப் படித்துக் காட்டினேன்.

"எப்பருந்து?" என்றாள் அக்கா.

"உடனடியாங்கிறான்."

"இன்னைக்கு என்ன கெழமை?"

டிரைவர் டீயை அப்படியே வைத்துவிட்டு என்ஜினைக் கிளப்பினார். சட்டியும் ஆளும் ஒரே இருக்கையில் இருக்க, சிலமலை ஜீப்பு நேரே மருத்துவமனை வாசலில் போய் நின்றது. அக்காவுக்குப் பின்னால் சர்க்கரைக்காரர்கள் இரண்டு பேரும் இறங்கினார்கள். அவர்கள் ரத்தம் கொடுத்துவிட்டு வரும்வரை நான் பலகைக்குக் கீழே உட்கார்ந்து, பழைய வழக்கப்படி, கடிதத்தின் மூலையில் குறித்தேன்: பெறப்பட்டது, பிப்ரவரி 20, வியாழக்கிழமை.